இலண்டன் – சிட்னி: வான்வழித் தொலைவும் பறக்கும் நேரமும்

இங்கிலாந்தின் தலைநகரான இலண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றான சிட்னிக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 17,016 கிலோமீட்டர் ஆகும். இது இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் சிட்னி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு. மைல் கணக்கில் இது ஏறத்தாழ 10,573. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் ஏறத்தாழ 9,188.

இன்று வழியில் ஒரு நகரில் மட்டும் இறங்கிச் செல்லும் பயணிக்கு இத்தொலைவைக் கடக்க 22 முதல் 24 மணிநேரம் ஆகிறது. எங்கும் இறங்காமல் 2019ஆம் ஆண்டில் பறந்த சோதனை விமானம் ஒன்று 19 மணி 19 நிமிடங்களில் சிட்னி சேர்ந்தது. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1919இல், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவை முதன்முதலில் அடைந்த விமானத்துக்கு ஏறத்தாழ 28 நாட்கள் பிடித்தன. இரண்டு நகரங்களும் இடம் மாறவில்லை. ஆயினும் பயண நேரம் இன்றும் நாளுக்கு நாள் மாறுகிறது. காற்று, எரிபொருள், நிறுத்தங்கள், நாடுகளின் வான்பரப்பு அனுமதி ஆகிய நான்கும் சேர்ந்தே அந்த நேரத்தை முடிவு செய்கின்றன.

தொலைவு எப்படி அளக்கப்படுகிறது

பூமி உருண்டையானது என்பதால், அதன் மேல் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி ஒரு வளைகோடாகவே இருக்கும். உருண்டையின் மையத்தை ஊடறுத்துச் செல்லும் வட்டம் பெருவட்டம் எனப்படும். இரண்டு ஊர்களும் அமைந்த பெருவட்டத்தின் சிறிய பகுதியே அவற்றுக்கிடையிலான பெருவட்டத் தொலைவு. ஒரு பந்தின் மேல் இரண்டு புள்ளிகளை வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எந்த வழியில் படிகிறதோ அதுவே இந்த வழி.

பூமியில் எந்த இரு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தொலைவு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். அதாவது பூமியின் சுற்றளவில் பாதி. இலண்டன்–சிட்னித் தொலைவு அதில் 85 விழுக்காடு. ஏறத்தாழ உலகின் மறுபக்கத்துக்கே செல்லும் பயணம் இது என்பதால்தான் விமானப் போக்குவரத்தின் எல்லையைச் சோதிக்கும் வழித்தடமாக இது நீண்ட காலமாக இருந்து வருகிறது.

தட்டையான வரைபடம் காட்டும் வழி

பள்ளிச் சுவர்களில் தொங்கும் உலகப் படங்களில் பல மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. அத்தகைய படத்தில் இலண்டனையும் சிட்னியையும் அளவுகோல் வைத்து நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு கோயம்புத்தூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மதுரைக்குச் சற்று வடக்கே சென்று, இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும். பார்ப்பதற்கு இதுதான் குறுக்கு வழி போலத் தோன்றும். ஆனால் அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் ஏறத்தாழ 17,700 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பெருவட்ட வழியைவிட ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கூடுதல்.

உண்மையான குறுக்கு வழி இந்தியாவின் பக்கமே வருவதில்லை. இலண்டனிலிருந்து அது வடகிழக்காகக் கிளம்பி, பால்டிக் கடற்பகுதியைத் தாண்டி, மாஸ்கோவுக்குச் சற்று வடக்கே அதன் உச்ச அகலக்கோட்டைத் தொடுகிறது. அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்பி, கஜகஸ்தான், மேற்குச் சீனம், திபெத்திய மேட்டுநிலத்தின் கிழக்குப் பகுதி, தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸின் தென்மேற்கு ஓரம் ஆகியவற்றைக் கடந்து, இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளுக்கிடையே நிலநடுக்கோட்டைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிறது.

ஆயினும் விமானங்கள் இந்த வழியை அப்படியே பின்பற்றுவதில்லை. வான்பரப்பு அனுமதி அதற்கு ஒரு காரணம். நிலத்தின் உயரம் மற்றொன்று. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், பயணிகள் இயல்பாக மூச்சுவிட ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைவாக இறங்கியாக வேண்டும். திபெத்திய மேட்டுநிலத்தின் தரையே பல இடங்களில் அதைவிட உயரம். அதனால் வழக்கமான விமானப் பாதைகள் அப்பகுதியை விலக்கியே செல்கின்றன.

வழியும் கூடுதல் தொலைவும்

இடையில் ஓர் ஊரில் இறங்கினால் தொலைவு மிகவும் கூடிவிடும் என்று நினைப்பது இயல்பு. இந்த வழித்தடத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு கட்டத்தின் பெருவட்டத் தொலைவையும் கூட்டினால் கிடைக்கும் தோராயக் கணக்கு வருமாறு:

நேர் வழி: 17,016 கி.மீ.
சிங்கப்பூர் வழி: 10,880 + 6,300 = 17,180 கி.மீ.
துபாய் வழி: 5,500 + 12,050 = 17,550 கி.மீ.
பெர்த் வழி: 14,500 + 3,280 = 17,780 கி.மீ.

சிங்கப்பூர் வழியின் தொலைவு நேர் வழியின் தொலைவுக்கு மிக நெருங்கியது. அங்கே இறங்கிச் செல்வதால் கூடுவது ஒரு விழுக்காட்டுத் தொலைவுதான். தொடக்க காலம் முதல் இன்றுவரை இந்த வழித்தடத்தின் நடுநிலையமாக அந்நகர் விளங்குவதற்கு இந்த அமைவிடம் முக்கியக் காரணம்.

பறக்கும் நேரத்தைக் கணக்கிடும் முறை

இக்காலப் பெரிய ஜெட் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 17,016ஐ 900ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18 மணி 55 நிமிடங்கள் வரும். இது ஏட்டுக் கணக்கு. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல், இறங்குவதற்கு முன் வரிசையில் காத்திருத்தல் ஆகியவற்றில் வேகம் குறைவு. ஆகவே நடைமுறையில் முழுப் பயணத்துக்கும் மணிக்கு 850 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை மணிநேரம் கூட்டினால் உண்மைக்கு நெருங்கிய விடை கிடைக்கும்.

சிங்கப்பூர் வழியாகச் செல்லும் பயணத்தை இம்முறையில் பார்க்கலாம். இலண்டன்–சிங்கப்பூர்: 10,880ஐ 850ஆல் வகுத்தால் 12.8, அரை மணி கூட்டினால் 13.3 மணிநேரம். சிங்கப்பூர்–சிட்னி: 6,300ஐ 850ஆல் வகுத்தால் 7.4, அரை மணி கூட்டினால் 7.9 மணிநேரம். சிங்கப்பூரில் ஒன்றரை மணிநேரம் காத்திருந்தால் மொத்தம் 22.7 மணிநேரம். விமான அட்டவணைகளில் காணும் நேரமும் ஏறக்குறைய இதுவே.

காற்றின் பங்கு

வடக்கு, தெற்கு அரைக்கோளங்கள் இரண்டிலும் நடு அகலக்கோட்டுப் பகுதிகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் எனப்படும் பலத்த காற்று வீசுகிறது. அதன் வேகம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. கிழக்கு நோக்கிச் செல்லும் விமானத்துக்கு இது பின்காற்று. மேற்கு நோக்கிச் செல்வதற்கு எதிர்க்காற்று. இதனால் இலண்டனிலிருந்து சிட்னிக்குப் போவதைவிடச் சிட்னியிலிருந்து இலண்டனுக்குத் திரும்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ கூடுதலாக ஆகிறது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கும் இலண்டனுக்கும் இடையிலான நேரடிச் சேவையிலும் இதைக் காணலாம். பெர்த்திலிருந்து இலண்டனுக்கு 17 மணிநேரத்துக்கு மேல். திரும்புகையில் 17 மணிநேரத்துக்குள்.

நீண்ட பயணங்களில் விமானப் பாதை நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகிறது. அன்றைய காற்று முன்கணிப்பை வைத்துக் கணினி பல பாதைகளைக் கணக்கிட்டு, எரிபொருளும் நேரமும் குறைவாக ஆகும் பாதையைத் தரும். 500 கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் பின்காற்று கிடைத்தால் முன்கூட்டியே சேர முடியும். ஆகவே திங்கட்கிழமை சென்ற பாதையும் செவ்வாய்க்கிழமை செல்லும் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வான்பரப்பு அனுமதி

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்பரப்பின் மீது முழு உரிமை உண்டு. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை இதை உறுதி செய்கிறது. இலண்டன்–சிட்னி வழித்தடம் பல நாடுகளின் மேல் செல்வதால், அவற்றில் ஒன்றில் நிலைமை மாறினாலும் பயண நேரம் மாறிவிடுகிறது.

இது புதிய சிக்கல் அன்று. 1935இல் இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானச் சீட்டு வாங்கிய பயணி, பாரிஸ் நகரிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகம்வரை இரயிலில்தான் சென்றார். இத்தாலி அரசு பிரித்தானிய விமானச் சேவைக்குத் தன் வான்வழியைத் திறந்துவிடாததே காரணம்.

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைன் மேல் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் உயிரிழந்தனர். போர் நடக்கும் நிலத்தின் மேல் மிக உயரத்தில் பறந்தால் ஆபத்தில்லை என்ற எண்ணம் அன்றோடு பொய்யானது. ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் இடையே பாதை வகுப்பவர்கள் சில நூறு கிலோமீட்டர் சுற்றிச் செல்வதை இழப்பாகக் கருதாததற்கு இதுபோன்ற நிகழ்வுகளே காரணம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா பிரித்தானிய விமானங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியது. பெருவட்ட வழியின் ஒரு நீண்ட துண்டு அத்தோடு அவ்விமானங்களுக்கு அடைபட்டது.

2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மூண்டபோது, குவாண்டாஸ் நிறுவனத்தின் பெர்த்–இலண்டன் விமானம் ஈரான் வான்பரப்பைத் தவிர்த்துச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. எதிர்க்காற்றோடு அந்தச் சுற்றுவழியையும் தாங்க எரிபொருள் போதவில்லை. ஆகவே சில காலம் அது சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றது. ஆனால் இலண்டனிலிருந்து பெர்த் திரும்பும் விமானம் பின்காற்றின் உதவியால் வழக்கம்போல் எங்கும் இறங்காமலே வந்தது. காற்றும் வான்பரப்பும் எரிபொருளும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்துள்ளன என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

வரலாறு

முதல் பயணம், 1919: இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியக் குழுவுக்கு 10,000 பவுண்டு பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்களும் ஜிம் பென்னட், வாலி ஷியர்ஸ் என்ற இயந்திர வல்லுநர்களும் விக்கர்ஸ் விமி என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் 1919 நவம்பர் 12 அன்று ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். இன்றைய ஹீத்ரோவுக்கு அருகிலுள்ள இடம் அது. திறந்த இருக்கைகளில் அமர்ந்து பனியிலும் மழையிலும் பறந்து, கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் வழியாக டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினர். ஜாவாத் தீவின் சுரபாயாவில் விமானம் சேற்றில் புதைந்தபோது, ஊர் மக்கள் கொண்டுவந்த மூங்கில் பாய்களைப் பரப்பி ஓடுபாதை அமைத்து மேலெழுந்தனர். 28 நாள் பயணத்தில் அவர்கள் உண்மையில் பறந்தது ஏறத்தாழ 136 மணிநேரமே. மீதியெல்லாம் பழுதுபார்ப்பும் எரிபொருளும் ஓய்வும்.

தனி விமானிகள்: 1928 பிப்ரவரியில் பெர்ட் ஹிங்க்லர் தனியாக இங்கிலாந்திலிருந்து டார்வினுக்கு 15 நாட்களுக்குச் சற்று மேலாகப் பறந்து சேர்ந்தார். 1930 மே மாதம் ஏமி ஜான்சன் இதே பயணத்தைத் தனியாக முடித்த முதல் பெண் ஆனார்.

பயணிகள் சேவை, 1935: இம்பீரியல் ஏர்வேஸ், குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸ் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1935 ஏப்ரலில் இலண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே பயணிகள் சேவையைத் தொடங்கின. இலண்டனிலிருந்து சிங்கப்பூர்வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மற்றொன்று. பயணம் பன்னிரண்டரை நாட்கள். 1938இல் பறக்கும் படகுகள் சேவைக்கு வந்தன. நீரில் இறங்கி நீரிலிருந்தே மேலெழும் இவ்விமானங்கள் சவுத்தாம்ப்டன் துறையிலிருந்து சிட்னியின் ரோஸ் பே வரை ஒன்பது பத்து நாட்களில் சென்றன. பகலில் பறந்து, இரவில் பயணிகள் விடுதிகளில் தங்கினர்.

போர்க்காலமும் இலங்கையும்: 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் இந்த வழி துண்டிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வான்வழித் தொடர்பை மீட்க, 1943 முதல் 1945 வரை பெர்த்துக்கும் இலங்கையின் காலி நகரை அடுத்த கொக்கல ஏரிக்கும் இடையே கேட்டலினா பறக்கும் படகுகள் இயக்கப்பட்டன. ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர் இந்தியப் பெருங்கடலை எங்கும் இறங்காமல் கடக்க 27 முதல் 33 மணிநேரம் ஆனது. எடை காரணமாக ஒரு விமானத்தில் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்றவில்லை. இராணுவ அஞ்சலே முக்கியச் சரக்கு. எதிரிக்குத் தெரியாமலிருக்க வானொலியை நிறுத்திவைத்து, விண்மீன்களைப் பார்த்தே திசை கண்டனர். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டதால் இப்பயணங்களுக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் வழங்கியது.

கங்காரு பாதை, 1947: 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸின் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோடும் 11 பணியாளர்களோடும் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி ஆகிய இடங்களில் இறங்கி நான்கு நாட்களில் சேர்ந்தது. பறந்த நேரம் ஏறத்தாழ 55 மணிநேரம். கங்காரு தாவித் தாவிச் செல்வதுபோல ஊர் ஊராகத் தாவிச் சென்றதால் இவ்வழிக்குக் கங்காரு பாதை என்று பெயர் வந்தது.

ஜெட் காலம்: 1959இல் குவாண்டாஸின் போயிங் 707 விமானங்கள் வந்ததும் பயணம் ஒன்றரை நாளுக்குள் சுருங்கியது. 1970களில் போயிங் 747 ஒரே விமானத்தில் பல நூறு பேரை ஏற்றிச் சென்றதால் கட்டணம் குறைந்து, நடுத்தரக் குடும்பங்களும் இவ்வழியில் பயணம் செய்யத் தொடங்கின. 1989இல் வந்த 747-400 வகை, ஒரே நிறுத்தத்தோடு பயணத்தை முடிக்க வழி செய்தது.

வேகம் மட்டும் போதாது

ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறக்கும் கான்கார்டு விமானம் 1985 பிப்ரவரியில் இலண்டனிலிருந்து சிட்னிக்குச் சென்றது. அதன் வேகம் மணிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல். வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எட்டு ஒன்பது மணிநேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஆன நேரம் 17 மணி 3 நிமிடங்கள். ஒருமுறை நிரப்பிய எரிபொருளில் கான்கார்டால் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டரே பறக்க முடியும் என்பதால் வழியில் பலமுறை இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1989 ஆகஸ்டில், அதைவிட மிக மெதுவான போயிங் 747-400 எங்கும் இறங்காமல் இலண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடங்களில் பறந்தது. கான்கார்டின் வேகத்தில் பாதிகூட இல்லாத விமானம் மூன்று மணிநேரம் மட்டுமே பின்தங்கியது. அப்பயணத்துக்கு அது கொடுத்த விலையையும் நோக்க வேண்டும். நானூறு பேர் அமரக்கூடிய விமானத்தில் இருந்தவர்கள் 23 பேர் மட்டுமே. சரக்கு இல்லை. அடர்த்தி மிகுந்த சிறப்பு எரிபொருள் நிரப்பப்பட்டது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதில் எரிபொருள் வீணாகாதிருக்க விமானம் இழுவை வண்டியால் இழுத்துச் செல்லப்பட்டது.

எரிபொருள் என்னும் சுமை

நீண்ட தொலைவு பறக்க அதிக எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளுக்கும் எடை உண்டு. அந்த எடையைச் சுமந்து பறக்க மேலும் எரிபொருள் வேண்டும். பதினெட்டாவது மணிநேரத்தில் எரியப்போகும் எரிபொருளை அதற்கு முந்தைய பதினேழு மணிநேரமும் விமானம் சுமந்துகொண்டே வர வேண்டும். இதனால் மிக நீண்ட நேரடிப் பறப்பு, இடையில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்லும் பறப்பைவிட அதிக எரிபொருளை உண்ணக்கூடும். இறங்கி ஏறுவதற்கும் செலவு உண்டு என்பது உண்மையே. ஆனால் ஓர் அளவுக்கு மேல் தொலைவு கூடும்போது சுமையின் செலவு அதை விஞ்சிவிடுகிறது.

இந்த எடையைச் சமாளிக்க விமான நிறுவனங்கள் இருக்கைகளைக் குறைக்கின்றன. 2018 மார்ச்சில் பெர்த்–இலண்டன் நேரடிச் சேவையைத் தொடங்கிய குவாண்டாஸின் போயிங் 787-9 விமானத்தில் 236 இருக்கைகளே உள்ளன. இதே விமானத்தில் வேறு பல நிறுவனங்கள் 290 வரை அமைக்கின்றன. குறைந்த பயணிகளிடம் அதே செலவை ஈட்ட வேண்டியிருப்பதால் நேரடிப் பயணத்தின் கட்டணம் உயர்கிறது. மிச்சமாகும் சில மணிநேரத்துக்குப் பயணி கொடுக்கும் விலை அது.

நேரடிச் சேவைக்கான முயற்சி

2019 நவம்பர் 14 அன்று காலை 6.09க்கு இலண்டனிலிருந்து ஏறத்தாழ 50 பேருடன் புறப்பட்ட குவாண்டாஸின் போயிங் 787-9, ஏறத்தாழ 17,800 கிலோமீட்டர் பறந்து மறுநாள் பகல் 12.28க்குச் சிட்னியில் இறங்கியது. பயணிகள் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். கேட்டலினா விமானங்களின் நினைவாக இத்திட்டத்துக்குச் சூரியோதயத் திட்டம் என்றே பெயரிடப்பட்டிருந்தது.

விமானத்தை விரைவாகச் சேர்ப்பது இந்தச் சோதனையின் நோக்கம் அன்று. மனித உடல் இதைத் தாங்குமா என்று பார்ப்பதே நோக்கம். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பெர்க்கின்ஸ் மைய ஆய்வாளர்கள் பயணிகளின் தூக்கம், உணவு, உடலசைவு ஆகியவற்றைக் கவனித்தனர். விமானிகளின் விழிப்புநிலையும் கருவிகளால் அளக்கப்பட்டது. இத்தகைய பயணங்களில் நான்கு விமானிகள் முறைவைத்துப் பணியாற்றுகின்றனர். அவர்கள் படுத்துறங்கத் தனி இடம் உண்டு.

வழக்கமான சேவைக்காக 2022 மே மாதம் கூடுதல் எரிபொருள் தொட்டியுடன் கூடிய 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களை வாங்க குவாண்டாஸ் முடிவு செய்தது. ஒவ்வொன்றிலும் 238 இருக்கைகள். பயணிகள் எழுந்து நின்று உடலை நீட்டி மடக்க ஒரு தனிப்பகுதியும் உண்டு. 2025இல் தொடங்கும் என்று முதலில் அறிவிக்கப்பட்ட சேவை பின்னர் தள்ளிப்போனது.

கடிகாரக் கணக்கு

விமானச் சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பறக்கும் நேரம் கிடைக்காது. இலண்டனும் சிட்னியும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் நகர்த்துகின்றன. ஆனால் ஒன்றில் கோடை என்றால் மற்றொன்றில் குளிர்காலம். ஆகவே இரண்டுக்கும் இடையிலான நேர வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. நவம்பர் முதல் மார்ச் இறுதிவரை சிட்னி 11 மணிநேரம் முன்னால் இருக்கும். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை 9 மணிநேரம். இடையில் சில வாரங்கள் மட்டும் 10 மணிநேரம்.

டிசம்பர் மாதத் திங்கட்கிழமை இரவு 8.30க்கு இலண்டனிலிருந்து புறப்பட்டு 23 மணிநேரம் பயணம் செய்பவர், புதன்கிழமை காலை 6.30க்குச் சிட்னி சேர்வார். சீட்டைப் பார்த்தால் 34 மணிநேரப் பயணம்போலத் தோன்றும். அவரே வேறொரு திங்கட்கிழமை மாலை 4 மணிக்குச் சிட்னியிலிருந்து கிளம்பி 24 மணிநேரம் பயணம் செய்தால், செவ்வாய்க்கிழமை காலை 5 மணிக்கு இலண்டனில் இறங்குவார். இப்போது 13 மணிநேரப் பயணம்போலத் தோன்றும். இறங்கும் உள்ளூர் நேரத்தைப் புறப்பட்ட ஊரின் நேரத்துக்கு மாற்றிய பின்பே கழிக்க வேண்டும்.

உடலின் கடிகாரம் இப்படி ஒரே நாளில் மாறுவதில்லை. கிழக்கு நோக்கிச் செல்கையில் நாள் குறுகுவதால், பெரும்பாலானோர்க்குச் சிட்னி செல்லும்போதே தூக்கம் சீராக அதிக நாட்கள் ஆகின்றன. இறங்கிய ஊரின் பகல் வெளிச்சத்தில் நடமாடுவதும் அவ்வூர் நேரப்படி உண்பதும் உறங்குவதும் உடலைப் பழக்க உதவும். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. இடையிடையே எழுந்து நடப்பதும், கணுக்காலை அசைப்பதும், போதிய நீர் அருந்துவதும் நல்லது. ஏற்கெனவே இரத்த உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் இத்தகைய நெடும்பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.